ஆர்மீனிய மாப்பிள்ளை

“என்ன ஆளுங்கன்னு பேரை மட்டும் சொல்லு சாமி. அவன் எப்படி உழுவான், எப்படித் திம்பான், மாமியாகிட்ட என்ன தொனியில பேசுவான், அத்தனையும் நான் சொல்றேன்” என்று மலைமேல் பைல் நாட்டு மாரப்பன் ஒரு கல்யாணப் பந்தலில் முழங்கியபோது, பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

மிளகும் காப்பியும் விளையும் கொஞ்சம் நிலம் அவருக்குத் தொழில். அடுத்தவர் வீட்டுச் சம்பந்தத்தைச் சல்லடை போடுவது கடமை. கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் முன்னதாகவே வந்து உட்காருவார். மாப்பிள்ளையின் வேலை, குணம் போன்ற சில்லறை விஷயங்களை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: “மாப்பிள்ளை என்ன ஆளுங்க?” பதில் வந்ததும் கண்ணை மூடுவார். திறக்கும்போது தீர்ப்பு வரும். அவர் மனைவி அத்தாயியின் தம்பி கதிரேசன் தன் மகளுக்குப் புளியஞ்சோலைப் பக்கம் பார்த்த வரன்கூட அந்தக் கண்மூடலில்தான் காணாமல் போனது.

இப்பேர்ப்பட்டவருக்கு, துபாய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் மோனிஷா ஒரு நாள் போன் செய்தாள். கூட வேலை பார்க்கும் நாரெக் என்பவரைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். மாரப்பன் பதறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன ஆளுங்க கண்ணு?”

“ஆர்மீனியனுங்கப்பா.”

“ஆருமேனி...”

“ஆர். மீ. னி. யன்.”

“தெரியும், தெரியும். நீ சொல்ற விதத்துலதான் ஏதோ தப்பு.”

மோனிஷா சிரிக்கவில்லை. “நாங்க ரெண்டு பேரும் அங்க வாரோம்ப்பா. பாருங்க. நீங்க வேண்டாம்னா நான் மறுபடி கேக்க மாட்டேன்” என்றாள்.

அன்றிலிருந்து மாரப்பன் மிளகு பறிக்கும் ஏணியில் நின்றபடி அந்தப் பேரைச் சாதகம் செய்தார். முதலில் அது இருமல் மருந்து மாதிரி வந்தது. பிறகு வயலுக்குப் போடும் உரம் மாதிரி வந்தது. ஒருவழியாகச் சுத்தமாக வந்த அன்று ஏணியிலேயே கண்ணை மூடிப் பார்த்தார். இருட்டாக இருந்தது. நாரெக் உழவும் இல்லை, தின்னவும் இல்லை.

மகளுக்குப் போன் போட்டார். நாரெக்கின் ஊரும் மலைநாடுதான் என்றாள் மோனிஷா. “ஆனா ஆர்மீனியன்கறது வெளியாளுங்க சொல்ற பேருங்கப்பா. அவங்க பாஷையில தங்களை ஹாய்னுதான் சொல்லிக்குவாங்க.”

போனை வைத்த மாரப்பனுக்குக் கோபம் வந்தது. “சொந்தப் பேரை உட்டுட்டு அடுத்தவன் வெச்ச பேருல திரியற ஆளை எப்படி நம்பறது?”

சாமை புடைத்துக்கொண்டிருந்த அத்தாயி முறத்தை நிறுத்தினாள். “ஏனுங்க, நம்ம சர்டிபிகேட்டுல என்ன ஆளுங்கன்னு போட்டிருக்குது?”

“மலையாளின்னு.”

“அதைப் பாத்துட்டுத்தான கீழ தாலுக்கா ஆபீசுல இருந்த அந்தம்மா உங்களைக் கேரளாவுல எந்த ஊருன்னு கேட்டுச்சு?”

“மலையில இருக்கறதால அந்தப் பேரு, நாங்க தமிழ் பேசறவங்கன்னு அவ்வளவு நேரம் வெளக்கினேன்.”

“வெளங்குச்சா?”

“வரும்போது ஓணம் வாழ்த்துச் சொல்லுச்சு.”

அத்தாயி மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

சித்திரையில் மோனிஷா நாரெக்கோடு வந்தாள். மலைப்பாதையின் வளைவுகளில் கீழிருந்து கூடவே பஸ்ஸில் வந்த சொந்தக்காரர்களுக்குத்தான் குமட்டியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதிரேசனும் வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். நாரெக் சம்மணம் போடத் தெரியாமல் நெடுங்காலை ஒருபக்கம் மடக்கி உட்கார்ந்து, சாமைச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். ரசம் முழங்கை வரை ஓடியது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதிரேசன் இந்த நாளுக்காகவே உடம்பைப் பார்த்துக்கொண்டவர்போல் தெம்பாக இருந்தார்.

“மச்சான், மாப்பிள்ளை என்ன ஆளுங்க?”

“ஆர்மீனியன்” என்றார் மாரப்பன். துபாயில் ஒலிபரப்பலாம், அத்தனை சுத்தம். நாரெக் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தான்.

“சரிங்க. எப்படிப்பட்ட ஆளுங்க? பேரைச் சொன்னா நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிருவீங்களே. எம்மக விசயத்துல சொன்னீங்களே.”

மோனிஷா தண்ணீர்ச் சொம்போடு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாரப்பன் பழக்கதோசத்தில் கண்ணை மூடினார். மூடிய வேகத்திலேயே திறந்து, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்தார்.

“தெரியலீங்க மச்சான்” என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “உங்க மக விசயத்துலயும் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு அடுத்த லீவு எப்பன்னு கேளு கண்ணு.”