சந்தனத்துக்குக் கீழே நான்கு எண்கள்

வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் அது தயாரான தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். மிக்சி, மின்விசிறி, குக்கரின் ரப்பர் வளையம்வரை எழுதியிருக்கிறேன். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை, ஷோரூமில் மாலை போட்டு நின்ற எங்கள் புதுக் காரை மனைவி கும்பிட்டபோது நான் குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு.

மூன்று டயர்கள் இரண்டு மாதத்துக்குள் தயாரானவை. பின்பக்க வலது டயரில் சரியாக அந்த இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கைக்குட்டையால் துடைத்தேன்.

"என்னாங்க இது! வச்ச பொட்ட யாராவது அழிப்பாங்களா?" என்று மனைவி பதறினாள்.

துடைத்த இடத்தில் தெரிந்த தேதிக்கு இரண்டரை வயது.

விற்பனையாளர் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "டயரு என்ன பாலா சார், திரிஞ்சி போறதுக்கு? ரோட்டயே பாக்காத டயரு. அதுக்கு வயசே கெடையாது."

"பாலா இருந்தா மோந்து பாத்தே கண்டுபுடிச்சிருப்பேன்."

"பயமா இருந்தா டயர் பாதுகாப்புத் திட்டம் இருக்குது சார். கிழிஞ்சா புதுசு மாத்தித் தருவோம்."

அந்தத் திட்டம் வேண்டும் என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். விருத்தாசலத்தில் எங்கள் தெரு மண் தெரு. மழையில் பள்ளம் விழுந்தால், சூளையில் கழித்துக் கொட்டிய பீங்கான் ஓடுகளை டிராக்டரில் கொண்டுவந்து நாங்களே நிரப்புவோம். அவள் ஸ்கூட்டரின் டயரை அந்த ஓடு இரண்டு முறை அறுத்திருக்கிறது.

திட்டத்தின் தாள்களை வாங்கி முழுவதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பாதுகாப்பு, டயர் தயாரிக்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள். அதாவது பின்பக்க வலது டயருக்கு ஆறே மாதம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விற்கும்போது வயதே இல்லாத டயருக்கு, மாற்றித் தரவேண்டிய நாளில் மட்டும் வயது வந்துவிடுமா? இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே ஆள் சொல்கிறார்! அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "அம்மா, மணி பத்தே கால். பத்தரைக்கு ராவு காலம். வண்டிய எடுத்துடுங்க, டயர அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ராகு காலத்தில் புது வண்டியை இந்த ஊரில் யாரும் நகர்த்தமாட்டார்கள். அது தெரிந்துதான் வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்குமேல் தாள்களை நீட்டுகிறார்கள். படிக்க நேரமில்லாமல் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

என் மனைவி பஞ்சாங்கம் பார்க்காமல் கத்தரிச்செடிகூட நட மாட்டாள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராவு காலம் பன்னெண்டுக்கு முடிஞ்சிடும் தம்பி. அந்த டயரு எங்க தெருவுல வருசக்கணக்குல ஓடணும். மாத்துங்க, இருக்கேன்."

ஒன்றரை மணிக்குக் கடலூர்க் கிளையிலிருந்து வேறு டயர் வந்தது. வயது ஐந்து வாரம். பார்த்த பிறகே திட்டத்தில் கையெழுத்திட்டேன்.

கழற்றிய டயரை மெக்கானிக் துணியால் துடைத்து, உள்ளறையில் புது டயர்களோடு சேர்த்து அடுக்கினார்.

"அது எங்க போவுது?" என்றேன்.

"ஸ்டாக்குக்கு சார்," என்றார் விற்பனையாளர்.

"அடுத்த ஆளு வண்டிக்கா?"

"உங்க வண்டியில இல்லியே சார். அப்புறம் என்ன?"

வண்டி பெற்றுக்கொண்டவர்கள் கருத்து எழுதும் பதிவேடு மேசையில் விரித்திருந்தது. பக்கம் முழுக்க 'மிக்க மகிழ்ச்சி', 'மிக்க மகிழ்ச்சி'. அதன் கீழே அந்த டயரின் நான்கு எண்களை எழுதி, இது உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள் என்று தொடங்கினேன்.

"சார், அதுல எழுதாதீங்க. மேனேஜரு பாப்பாரு."

"பாக்கட்டும்."

அவர் பதிவேட்டை இழுத்தார். வாக்கியத்தை முடித்து, தேதியும் போட்ட பிறகே விட்டேன்.