ஒட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி

காலைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் நுனி காயும்வரை டேபிள் ஃபேனுக்கு எதிரே நீட்டிக்கொண்டு நிற்கிறார் நிர்மலாதேவி. பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்தெடுக்கிறார். சுவரில் சாய்ந்திருக்கும் தூண்டில் கோல்களில் ஒன்றை மடியில் கிடத்தி, அடியிலிருந்து நுனிவரை பஞ்சால் நீவிக்கொண்டே போகிறார். கண்கள் மூடியிருக்கும். வழுவழுப்பான கோலில் எங்கேயாவது ஓர் இழை பிடித்துக்கொண்டால் கை நின்றுவிடும். “இந்தா, இங்க இருக்கற நீ,” என்று கோலிடம் சொல்லிவிட்டு, அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து அந்த இடத்தில் ஒட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சிவப்புப் பொட்டு. அவர் நெற்றியில் இருப்பதும் அதே அட்டைப் பொட்டுதான்.

கூடத்தில் கூரை விசிறி இல்லை. கொக்கி மட்டும் தொங்குகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கணவர் கமலக்கண்ணன், வீசிக் காட்டுகிறேன் பார் என்று ஒன்பதடிக் கோலைக் கூடத்தின் நடுவே தூக்கினார். நுனி விசிறிக்குள் போய் மூன்று துண்டாகத் தெறித்தது. மறுநாளே நிர்மலாதேவி விசிறியைக் கழற்றிப் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டார். வருகிறவர்கள் வேர்த்து வழிகிறார்களே என்றால், “மனுசனுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்” என்பார்.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் சந்து ஒன்றில் அவர் வீடு. எதிர் வீடு எங்களுடையது. அவரிடம் வருபவை முகத்துவாரத்துக் கற்களில் நின்று ஆட்கள் பிடித்திருக்கும் தடித்த கோல்கள் அல்ல. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்யாக ஓர் ஈயைச் செய்து, அதைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்றுவதற்கான கோல்கள். ஒன்பதடி நீளம், எடை இரண்டு முட்டைக்குக் கொஞ்சம் கூட. நாலு துண்டாகக் கழற்றலாம். உள்ளே வெற்றுக் குழல், சுற்றிலும் கார்பன் நார். நுனி பிடியைத் தொடுகிற மாதிரி வளைந்தாலும் தாங்கும். நகக்கீறல் அளவுக்கு எங்கோ அடிபட்டிருந்தால், ஒருநாள் சும்மா வீசும்போதே ஒடியும்.

ஒடிந்த இடத்தைப் பார்த்து, எப்படி ஒடிந்தது என்று அவர் சொல்லிவிடுவார். போன மாதம் டவுனிலிருந்து விமல்ராஜ் என்ற பையன் ஒரு கோலைக் கொண்டுவந்தான். வேலைக்குப் போகிறவன், பைக்கை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

“செம்ம கொடுவா மீனு ஆன்ட்டி. ஒரே இழுப்பு. டப்புனு போயிடுச்சு.”

நிர்மலாதேவி ஒடிந்த முனையைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். குழல் தட்டையாக நசுங்கியிருந்தது.

“கொடுவாவுக்குக் கைப்புடி இருந்துச்சா தம்பி?”

“என்ன ஆன்ட்டி?”

“கதவுக்கு இருக்குமே, அது. முன் கதவா, பின் கதவா?”

அவன் கூரைக் கொக்கியைப் பார்த்தான். “பின் கதவு,” என்றான்.

மீன் இழுத்து ஒடிந்த கோல் பத்தில் ஒன்றுகூட இருக்காது என்பது அவருடைய கணக்கு. கார் கதவு, பீரோ கதவு, விசிறி, மேலே உட்கார்ந்த மச்சான். “தண்ணியில ஒடியறது கம்மி. வூட்லதான் ஒடியுது. ஆனா ஒருத்தரும் ஒத்துக்கமாட்டாங்க.”

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஃபைபர் படகு செய்யும் கொட்டகை ஒன்றில் கண்ணாடி நார் விரித்துப் பிசின் பூசியவர். கமலக்கண்ணனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்தக் குடியுரிமையில் கமலக்கண்ணன் பத்தொன்பது வருஷத்துக்கு முன் பிரான்சுக்குப் போனார். மாமியார் படுக்கையில் இருந்ததால் நிர்மலாதேவி போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் போகவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

வருஷா வருஷம் ஆகஸ்டில் வக்கான்ஸ் என்று அங்கே கோடை விடுமுறை விட்டதும் ஐந்து வாரம் வந்து இருப்பார் கமலக்கண்ணன். அங்கே கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பழக்கிவிட்டதில் இந்தத் தூண்டில் பித்துப் பிடித்தது. ஒரு வருஷம், ஒடிந்த கோல் ஒன்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். நிர்மலாதேவி பழைய கோல்துண்டு ஒன்றைக் குழலுக்குள் செருகி, பசை வைத்து, மேலே நூல் சுற்றி, மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் குட்டி மோட்டாரில் மாட்டி ராத்திரி முழுக்கத் திருப்பிக்கொண்டே காயவைத்தார். பசை ஒரு பக்கமாய் வழியாமல் நிற்க அதுதான் வழி. அடுத்த ஆகஸ்டில் கமலக்கண்ணன் நண்பர்களின் கோல்களும் சேர்ந்து ஏழு வந்தன. இப்போது சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூரியரில் வருகின்றன.

கணவர் தொலைபேசியில் பேசும்போது சாப்பாடு, உடம்பு, மழை எல்லாம் முடிந்த பின் கடைசியாக ஒன்று சொல்வார் நிர்மலாதேவி: “ஜாயின்ட்ட முறுக்கிப் போடுங்க. அர மணிக்கு ஒருக்கா நிறுத்தி, தொட்டுப் பாருங்க.” வீச வீசத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் தளரும். தளர்ந்ததைக் கவனிக்காமல் வீசினால் பொருத்து நீளவாக்கில் பிளக்கும். கமலக்கண்ணனின் கோல்கள் எப்போதும் அப்படித்தான் பிளந்திருக்கின்றன.

கோட்டக்குப்பத்துப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சிக்கு இந்த வீட்டைப் பார்த்தால் சிரிப்பு. கூடையை வாசலில் இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“ஏங்கா, பதினஞ்சு தூண்டிலு நிக்கிது, மீனுக்கு நாந்தான் வரணுமா?”

“நீ வரலன்னா எங்களுக்கு யாரு இருக்கா.”

“பேச்சப் பாரு. அங்க உம் வூட்டுக்காரரு புடிக்கிற மீன வறுக்கறாரா, கொழம்பு வெக்கிறாரா?”

“திரும்பத் தண்ணியிலயே வுட்டுடுவாராம்.”

அஞ்சலாட்சி சங்கரா மீனைத் தேய்ப்பதை நிறுத்தினார். “வுட்டுடறதுக்கா அம்மாந்தூரம் போயி நிக்கிறாரு?”

நிர்மலாதேவி பாத்திரத்தை நீட்டினார். “தலைய வெட்டாத. கொழம்புக்கு வேணும்.”

ஒட்டிய கோலை அப்படியே கொடுத்துவிட மாட்டார். சன்னல் கம்பியில் அடியைக் கட்டி, நுனியில் துணிப்பை மாட்டி, பைக்குள் துவரம்பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார். கோல் சுவரை ஒட்டி வளைந்து இறங்கும். கால் கிலோவில் ஒரு கோடு, அரைக் கிலோவில் ஒரு கோடு என்று வளைவைப் பென்சிலால் சுவரிலேயே வரைந்து தேதி போடுவார். ஒரு வாரம் அப்படித் தொங்கவேண்டும். அந்த வாரம் சாம்பார் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லை. ஆகஸ்ட் தேதி போட்ட வளைவுகள் எல்லாம் கமலக்கண்ணன் கோல்கள்.

வாங்கிப் போக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு நாள் தாங்கும்? கோலுக்குக் கோல் கணக்கு மாறும், ஆனால் நிர்மலாதேவி யோசிப்பதே இல்லை. “மூணு வருஷம். ஒட்டுன எடம் ஒடியாது. அது வளையாது பாருங்க, அந்த வேலையும் பக்கத்து எடத்துமேல வுழும். ஒட்டுக்கு நாலு வெரக்கட தள்ளித்தான் அடுத்து ஒடியும். அப்ப கொண்டாங்க.” ரெண்டு வருஷம் என்று சொன்னது ரெண்டரை ஓடியிருக்கிறது. ஐந்து என்று சொன்னது நாலரையில் வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. ஒட்டவே முடியாது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் கமலக்கண்ணன் ஆகஸ்டுக்குக் காத்திருக்கவில்லை. ஜூன் முதல் வாரமே வந்துவிட்டார். ரெத்ரேத் ஆகிவிட்டது என்றார். வேலை முடிந்தது, இனி ஓய்வுதான். வழக்கமாக ஒரு பெட்டி வரும், இரண்டு வந்திருந்தது. திரும்பும் டிக்கெட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நிர்மலாதேவியும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய பச்சைக் கோலை எடுத்து நீட்டி, “அவசரமில்ல நிர்மலா, மெதுவா பண்ணு,” என்றார். பொருத்தில் பிளந்திருந்தது.

அவசரமில்லை என்ற சொல்லை நிர்மலாதேவி அன்றைக்கே என்னிடம் மூன்று முறை சொன்னார். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே நிலைப்படிக்கு மேலே, ஒன்பதடி நீளத்துக்கு நாலு மரமுளை அடித்தார். கோல்கள் அந்த வீட்டுக்கு வரும், போகும். எதுவும் தங்கியதில்லை. “இது இனிமே இங்கதான் இருக்கப்போவுது. மாட்டறதுக்கு எடம் வேணாமா,” என்றார். கோலைத்தான் சொன்னார்.

பச்சைக் கோலை ஒட்ட அவருக்கு நாலு நாள்கூடத் தேவைப்படாது. நூல் சுற்றிய அழகை நானே பார்த்தேன், ஜூன் பதினைந்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் கோல் பருப்புப் பையோடு சன்னலிலேயே தொங்கியது. ஜூலை போனது. கமலக்கண்ணன் கேட்டால், “இன்னும் காயல” என்பார். இரண்டு மாதம் சாம்பார் இல்லாத வீட்டில் கமலக்கண்ணன் காரக்குழம்பே சாப்பிட்டார். நல்ல மனிதர். காலையில் பால் வாங்கிவருவார், வெங்காயம் உரித்துத் தருவார். மத்தியானங்களில் நாற்காலியை டேபிள் ஃபேன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, செல்பேசியில் ஓர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நின்று வீசுகிற வீடியோ.

“செப்டம்பர்ல தண்ணி தெளியும்,” என்று என்னிடம் ஒருநாள் காட்டினார். “அடியில கெடக்கற கல்ல எண்ணலாம்.”

நிர்மலாதேவி எட்டிப் பார்த்தார். “கல்லு நெறைய இருக்குமுன்னு தெரியும். கீறல் சொல்லுதே. ஆறு இவ்ளோ அகலமா இருக்குமுன்னுதான் நெனைக்கல,” என்றார். கமலக்கண்ணன் வீடியோவை முதலிலிருந்து போட்டார். வா, ஒரு தடவை வந்து பார் என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். நான் மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாப்பாடு முடிந்திருந்தது. நிர்மலாதேவி சன்னலுக்குப் பக்கத்தில் நின்று பருப்புப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கட்டை அவிழ்த்ததும் பச்சைக் கோல் சரேலென்று நிமிர்ந்தது. துளி கோணல் இல்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பஞ்சால் ஒருமுறை முழுக்க நீவினார். இழை எங்கும் பிடிக்கவில்லை. கோலைக் கணவர் கையில் கொடுத்தார்.

“மேல மாட்டிடவாங்க? மொளை அடிச்சி வெச்சிருக்கறன்.”

கமலக்கண்ணன் நிலைப்படிக்கு மேலே பார்த்தார். “மேல எதுக்கு? கழட்டி உறையிலயே போட்டுடு. பன்னெண்டாந் தேதி கெளம்பறேன்ல,” என்றார். ஏற்கெனவே சொன்னதை நினைவுபடுத்துவது போல இருந்தது குரல். நிர்மலாதேவி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பஞ்சை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

கமலக்கண்ணன் ஒட்டின்மேல் கட்டைவிரலால் தடவினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எழுந்து நின்று, கொக்கி மட்டும் தொங்கும் கூரைக்குக் கீழே கோலை மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

“கம்பெனி ராடு கெட்டுது போ. எவ்ளோ நாள் தாங்கும் நிர்மலா?”

நிர்மலாதேவி பஞ்சு உருண்டையை டப்பாவில் போட்டு மூடினார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். பருப்புப் பையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

“ஒன்னத்தான் கேக்கறேன்,” என்றார் கமலக்கண்ணன்.

நிர்மலாதேவி மரமுளைகளுக்குக் கீழே நடந்து உள்ளே போனார்.