நாச்சாத்தாள் அத்தை கட்டிக் கொடுத்த மண்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பெருமாநல்லூரில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் கடலை விற்கும் ரங்கம்மாள்தான் எனக்குச் சொன்னார். "உங்கூரு பள்ளத்தோட்டத்து நாச்சாத்தா போயிட்டாங்களாமா கண்ணு. மூணே நாள் காச்சலாமா." கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றேன். ஓர் ஆண்டாக நான் அவரோடு பேசவில்லை. என்றைக்காவது அவராக வந்து, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். இனி அது நடக்காது.

நம் படிப்பகத்தின் கையெழுத்து ஏட்டுக்கு அத்தையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டவர்கள், நல்லதாக எழுது என்றார்கள். நல்லது நிறைய இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் தோட்டத்து வழியே போனவர்களுக்கு அந்த வாய்க்கால் மேடு நினைவிருக்கும். மழை பெய்து சேறாகக் கிடக்கும் நாளில் யார் உள்ளே வந்தாலும், திரும்பும்போது வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். கழுவாமல் நழுவப் பார்த்த என்னை ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏஞ்சாமி, என்ர மண்ணை அப்பிக்கிட்டு எங்க போறே? உங்கப்பன் காட்டுக்கு எருவாக்கலாம்னா?" என்றார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு முறை ஐப்பசி மழையில் வரப்பு உடைந்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு உடைப்பில் சோளத்தட்டை அடைத்து மண் போட்டவர் அவர். கணவர் அங்கணன் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட, தோட்டத்தைத் தனியாகப் பார்த்தவர்.

மேற்கே சலவைப் பட்டறை வந்தது. பனியன் துணியை வெளுத்த தண்ணீரை எங்கள் காடுகளை ஒட்டி ஓடும் பள்ளத்து ஓடையில் விட்டார்கள். பட்டறையை ஒட்டினாற்போல் இருப்பது அத்தையின் தோட்டம். அடுத்தது எங்களுடையது. அதற்கும் கீழே இன்னும் இரண்டு. முதல் ஆண்டு மிளகாய்ச் செடியின் இலை நுனி கருகியது. அடுத்த ஆண்டு பாத்தி காய்ந்ததும் மேலே உப்பு வெள்ளையாகப் பூத்தது. கருகிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறை மேலாளரின் மேசைமேல் போட்டவர் அத்தைதான். "இதையும் வெளுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். தாசில்தாருக்கு மனுக் கொடுக்கலாம் என்றதும் அவர்தான். நான் எழுதினேன். முதல் கைநாட்டு அவருடையது. அன்று எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது! பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் கண் முன்னால் நடக்கிறது என்று நினைத்தேன்.

மண்ணைப் பரிசோதித்து உப்பு ஏறியிருப்பதாகச் சான்று வந்தால்தான் மனு நிற்கும் என்றார்கள். கிராம சேவகர் தோட்டத்துக்கு ஒன்றாக நான்கு துணிப் பைகளைக் கொடுத்து, மண் எடுக்கும் முறையையும் சொன்னார். ஒவ்வொரு தோட்டத்துக் காட்டிலும் ஒன்பது பத்து இடங்களில் குழி எடுத்து, ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். பிறகு நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிவிட வேண்டும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் கடைசியில் இரண்டு கை மண் மிஞ்சும். அந்த இரண்டு கை மண்தான் முழுக் காட்டுக்கும் சாட்சி. பெயர்ச் சீட்டு எழுதுவது என் வேலை. ஈரத்தில் மை கலைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதினேன்.

மூன்று தோட்டங்களில் நானும் அப்பாவும் உடனிருந்து மண் எடுத்தோம். அத்தையின் தோட்டத்துக்குப் போனபோது அவர் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். கனமாக இருந்தது. நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவர் கொடுத்ததை அவிழ்த்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. "நாச்சாத்தாள், பள்ளத்தோட்டம்" என்று எழுதிச் சீட்டைச் செருகினேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மூன்று தோட்டங்களில் உப்பு மிகுதி. அத்தையின் தோட்டத்தில் குறையே இல்லை, நல்ல வளமான மண். பட்டறையை ஒட்டிய காடே நன்றாக இருக்கும்போது, தள்ளியிருக்கும் காடுகள் பட்டறைத் தண்ணீரால் எப்படிக் கெடும் என்று தாலுகா ஆபீசில் அப்பாவைக் கேட்டார்கள். மனு தள்ளுபடியானது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டேன். மறைக்கவே இல்லை. மேட்டில், பள்ளத்துத் தண்ணீர் ஏறாத மூலையில், ஆட்டுப்பட்டி போட்ட இடத்திலிருந்து அள்ளினாராம்.

"பொண்ணுப் பாக்க வர்றவங்க முன்னால கிழிஞ்ச சீலையோடவா புள்ளைய நிறுத்துவாங்க? என்ர காட்டைக் களர்னு சர்க்கார் காயிதத்துல எழுத உடுவனா?"

"நாலு ஊட்டுக் காரியமுங்க அத்தை."

"மூணு பேர்து கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்குதில்ல கண்ணு. அது போதாதாக்கு?"

போதாது என்று நான் விளக்கினேன். பட்டறைப் பக்கத்துக் காடு கெட்டிருந்தால்தான் தூரத்துக் காடு கெட்டதற்கும் பட்டறையே காரணம் என்று ஒப்புவார்கள் என்றேன். கேட்டுக்கொண்டே தட்டை உதறிப் போட்டார். உண்மையைத் தாலுகா ஆபீசில் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "பொய் சொன்னவன்னு பேரு வேற வாங்கோணுமா?" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரும் உவர்த்தது. அப்பா எருதுகளை விற்றுவிட்டார். இப்போது பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தையை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. பட்டறைக்காரர் யாரோ எவரோ. அவரிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் நடந்தவர் அத்தை. மண் கெட்டதை மறைத்தால் மண் பிழைத்துவிடுமா? ஒரு கால் சேற்றைக்கூட வெளியே விடாதவருக்கு இது ஏன் தெரியவில்லை? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அங்கணன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுபடியும் மனு எழுதித் தரச் சொன்னார். அவருடைய சம்சாரம் செய்ததை அவர் அறிந்திருந்தார். அவர்கள் தோட்டத்தில் நான் காட்டிய இடங்களிலெல்லாம் குழி வெட்டினார். ஒன்பது குழிகள். மண்வெட்டி ஓட்டில் படுவதுபோல் சத்தம் கேட்டது. சீவிய மண் சாம்பலாக இருந்தது. யார் பெயர் எழுதட்டும் என்று கேட்டேன். "பட்டா அவ பேர்லதானே இருக்குது. அவ பேரையே எழுது சாமி" என்றார். எழுதினேன்.

அத்தையிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், ஒரு வழக்கத்தைச் சொல்வேன். அன்று சீட்டைச் செருகுமுன் மாமா கட்டிய பையை அவிழ்த்தேன். நான் பார்க்கவே வெட்டிய மண்தான் உள்ளே இருந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தும் கையை விட்டுப் பார்த்தேன். மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இனி யார் கட்டிக் கொடுத்தாலும் அவிழ்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதை நான் உங்களிடமிருந்து கற்றிருக்க வேண்டாம், அத்தை.