வந்து தொலை

பைண்டிங் கடையில் எல்லோரும் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கையில் கோந்து காய்ந்தபடியே இருப்பது ஒரு காரணம். யாரையாவது பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டாள் என்பது இன்னொன்று.

அப்படிப்பட்டவளுக்கு ஒன்றரை வருடமாக ஒரே கவலை. அவளுடைய அக்கா அவளிடம் மரியாதையாகப் பேசுகிறாள்.

மரியாதையில் என்ன குறை என்று கேட்கலாம். அக்கா தங்கை இருவரும் பிறந்து வளர்ந்தது மில்லுக்குப் பின்னால் ஒரு தெருவில். அந்தத் தெருக்காரர்களுக்குப் பாசத்தைப் பாசமாகச் சொல்ல வாய் வராது, திட்டித்தான் சொல்வார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள், "கொட்டிக்கிட்டியா" என்பார்கள். காய்ச்சல்காரனை "செத்துத் தொலைச்சிடாத" என்று வைதுகொண்டே நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாங்க போங்க எல்லாம் வேண்டாதவர்களுக்கு.

அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் கை இறுக்கம் என்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது கோந்து சத்தமாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து போன் செய்தால், "சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?" கூடப் பிறந்தவள் வாயிலிருந்து இதைக் கேட்கும்போதெல்லாம், அக்கா நம்பர்தானா என்று கோந்து போனை எடுத்துப் பார்ப்பாள்.

அக்காவுக்கு ஐம்பது நிறைய இரண்டு நாள் இருந்தது. கோந்து கடைத்தெருவில் விற்கும் வாழ்த்து அட்டைகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் இனிய, அன்பான, நெஞ்சார்ந்த. இதை அனுப்பினால் உள்ள உறவும் போய்விடும் என்று தோன்றியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே உட்கார்ந்தாள். டைரிக்குப் போட்டு மீந்த நீலத் தாளை அட்டையில் ஒட்டி, மடித்து, முன்பக்கம் குண்டு குண்டாக "ஏ கிழவி" என்று எழுதினாள். உள்ளே:

"ஐம்பது வயசாச்சு. தங்கச்சி வாய்க்கு ஒரு தையல் போடத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு டெய்லர். இன்னும் ஐம்பது வருஷம் இருந்து என் உயிரை வாங்கு."

ஓரம் பிசிறாக இருந்தது. கட்டிங் மெஷினில் வைத்து அழுத்தினாள். அங்கேதான் சனியன் பிடித்தது. அந்த வாரம் முழுக்க, புத்தகத் தாள்களின் மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கோந்து தடவுகிற வேலை. பழகிய கை மடிப்பைத்தான் கத்திக்குக் கொடுத்தது. வாழ்த்து இரண்டு துண்டாகக் கையில் வந்தது.

வாசலில் கூரியர்காரர் வந்து நின்றார். "ஏம்மா, ஏதாவது இருக்கா, கிளம்பட்டுமா?"

ஒட்டிக் காயவைக்க நேரமில்லை. இரண்டு துண்டையும் அப்படியே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். வெட்டி அனுப்பியதை உறவையே வெட்டிவிட்டதாக அக்கா எடுத்துக்கொண்டால் என்ற நினைப்பு, அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் வந்தது.

பிறந்தநாளன்று அக்கா போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இருந்த மரியாதையும் போயிற்று.

ஐந்தாம் நாள் கடைக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அதே அட்டை. வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பு நூலில் மெஷின் தையல், இரட்டை வரிசை. பின்பக்கம் அக்காவின் கோழிக் கிறுக்கல்:

"ஒரு அட்டையை மடிக்கத் தெரியல, இத்தனை வருஷமா அங்க என்னத்தைடி கிழிச்ச? ஞாயித்துக்கிழமை வந்து தொலை. அந்த ஜாக்கெட்டையும் கொண்டா, கையைப் பிரிச்சு விடறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜையில் தாள் மடித்துக்கொண்டிருந்தவர் பதறிப்போய், "என்னம்மா, யாரு என்ன சொன்னாங்க?" என்றார்.

"எங்க அக்கா," என்றாள் கோந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நல்லா திட்டிட்டா."