அக்கா குஜராத்துக்குப் போக முடிவெடுத்தது

மலைமேல் இருக்கிற வேதகிரீஸ்வரரையும் எங்கள் தெருமுனையில் இருக்கிற எல்லையம்மனையும் கும்பிட்டுக்கொண்டு, எங்கள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரில்தான். எங்கள் அப்பா அம்மாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில்தான் வேலை. அக்கா மூத்தவர், அடுத்து நான், கடைசியில் தங்கை வசந்தா. அம்மா விடியற்காலையில் நடவுக்குப் போய்விட்டால் எங்கள் இருவருக்கும் கஞ்சி ஊற்றி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது அக்காதான். அதனால் அவர் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நான் எட்டாவதோடு நின்றபோது துடைப்பக்கட்டையால் அடித்தார்.

அக்காவை மாமல்லபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமா லாரி டிரைவர், தங்கமான மனிதர். மகன் சரவணன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்து, எங்கள் வீட்டை ஒட்டி ஓலை வீடு போட்டுக்கொண்டார். கடற்கரைச் சாலையில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தார். டவலை மடித்து அன்னப்பறவை மாதிரி கட்டில்மேல் நிற்க வைப்பார். வசந்தா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த துண்டுகளையும் அப்படியே பறவையாக மடித்து வைத்துவிட, அதைப் பிரித்துத் தோளில் போடலாமா கூடாதா என்று சம்பந்திகள் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மில் பல பேர் இருக்கிறார்கள்.

அந்தச் சம்பளத்தில்தான் சரவணனைச் செங்கல்பட்டு ஐடிஐயில் படிக்க வைத்தார். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஓலை வீடு தளம் போட்ட மெத்தை வீடானது. மருமகள் வந்தாள். இரண்டு பேத்திகள் பிறந்தார்கள். அக்கா லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு, பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நடையில் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. கூடப் போனவர்கள் எல்லாம் கிரிவலம் முடித்து வரும்போது அவர் சங்குதீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து, “இப்பதான் வரீங்களா?” என்று கேட்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சரவணன் வேலை பார்த்த பிரிவை இங்கே மூடினார்கள். குஜராத்தில் இருக்கிற இன்னொரு தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரவணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

“அம்மா வந்தா போறேன். அம்மா வரலன்னா நானும் போவல. மாமா மாதிரி ஆட்டோ ஓட்டிக்கறேன்.”

“ஆட்டோவா?” என்றேன் நான். “ஸ்டாண்டுல வண்டி நிக்க எடமில்லாம ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிகினு கீறோம். நீ எங்கடா நிப்ப?”

அவன் பிடிவாதக்காரன். அப்பன் இல்லாமல் தாயின் நிழலிலேயே வளர்ந்தவன். சொன்னால் செய்துவிடுவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா இங்கேயே இருந்தால் மகனுடைய வேலை போய்விடும். அவனோடு போனால் பிறந்த மண்ணும் உடன்பிறப்பும் அவருக்கு எட்டாமல் போய்விடும். இதுதான் அக்காவின் முன்னால் இருந்தது.

அக்கா போகக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான்தான். காரணத்தையும் மறைக்கவில்லை. நம்மவர்களில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது விழாமல் உடலை எடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி இருந்தும் கோடி விழாமல் போனவள் என்று ஒரு பெண்ணுக்குப் பேர் வந்தால் அது தலைமுறைக்கும் நிற்கும்.

“யக்கா, நாளைக்கு ஒண்ணுன்னா நான் எப்பிடி வந்து கோடி போடறது? ரயில்ல போய் சேரவே ரெண்டு நாள் ஆவும்.”

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இன்னாடா, நான் இன்னும் பொட்டியே கட்டல. அதுக்குள்ள பாடையில ஏத்திட்ட.”

“சொல்றதக் கேளு.”

“கேட்டுகினுதான் கீறேன். நீ பொடவைய வாங்கி மடியில வச்சிகினு நான் எப்ப சாவேன்னு குந்திகினு கீற மாதிரி கீது. இன்னா கலருன்னு அதையும் சொல்லிடு, கேட்டுக்கறேன்.”

அம்மனிடமே உத்தரவு கேட்டுவிடலாம் என்று எல்லையம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி எங்களுக்குப் பங்காளி முறை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டோம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தால் செவ்வரளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

சாயந்திரம் ஊரப்பாக்கத்திலிருந்து வசந்தா போன் செய்தாள். எனக்குத் தெரியாமல் அவளும் தன் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலில் கேட்டிருக்கிறாள். அங்கே அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பது வழக்கம். வலது பக்கம் விழுந்தால் நல்ல உத்தரவு. அக்கா போகலாமா என்று கேட்டதும் பூ வலது பக்கம் விழுந்ததாம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். வீடே கூடிவிட்டது.

“நீ எதுக்குடி கேட்ட?”

“நீ எதுக்கு கேட்ட? எனுக்கு மட்டும் அக்கா இல்லியா?”

“நம்ம அம்மன் எல்லைய காக்கறவ. அவ சொன்னதுதான் நடக்கணும்.”

“ஏன், எங்க அம்மன் இன்னா வாடகைக்கு கீறாளா?”

ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்டது பெரிய தப்பு என்று பூசாரி கோபித்துக்கொண்டார். இனி மூன்றாவதாக எங்கேயும் கேட்காதீர்கள், இரண்டு அம்மனுக்கும் பால் அபிஷேகம் செய்து மன்னிப்புக் கேளுங்கள் என்றார். அப்படியே செய்தோம். ஆனால் அக்கா போவதா இருப்பதா என்பது மட்டும் தீரவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அக்காவே என்னைக் கூப்பிட்டார்.

“எல்லையம்மன் கோயில்ல யாருடா கேட்டது?”

“நான்தான்.”

“கேட்டவனுக்குத்தான் உத்தரவு. உன்ன இருன்னு சொல்லிக்கீறா. நீ இரு. வசந்தாவ போன்னு சொல்லிக்கீறா. அவ எங்கனா போறதுன்னா போவட்டும்.”

“அப்ப நீ?”

“நான் கேக்கவே இல்லியே.”

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அக்கா தனியாகக் கோயிலுக்குப் போனார். பூவும் கட்டவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. “அவன் ரெண்டு பொண்ணுங்கள வச்சிகினு கீறான், நான் போயிட்டு வரேன் தாயே,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விபூதி வாங்கிக்கொண்டு போனதாகப் பூசாரி பிறகு என்னிடம் சொன்னார். பூசாரிக்கே கண் கலங்கிவிட்டதாம். அன்று மத்தியானம் சரவணன் சம்மதக் கையெழுத்துப் போட்டான்.

அகமதாபாத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. போன புதிதில் தினமும் போன் வரும். “பருப்புல வெல்லம் போடறாங்கடா, எப்பிடித்தான் துன்றாங்களோ.” ஆடி மாதம் வந்ததும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றியாக வேண்டும். விசாரித்தால், அந்த ஊரில் கம்பு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு குடியிருப்புக்குக் கீழே இருந்த மாவு மில்லுக்குப் போயிருக்கிறார்.

மில்லுக்காரர் பெயர் மகேஷ். அங்கே ஆண்களை மரியாதையாகப் பாய் என்று கூப்பிடுவார்கள், சகோதரன் என்று அர்த்தம், அதனால் மகேஷ் பாய். அவர் கம்பை மைபோல அரைத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா, “நைசா வேணாம்யா, கொரகொரன்னு வேணும்,” என்று தமிழில் சொல்ல, அவர் குஜராத்தியில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். கடைசியில் அக்கா மில்லில் இருந்த அரிசி நொய்யை ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினாராம். அப்போதுதான் அவருக்குப் புரிந்து, சிரித்துவிட்டு, வேறு கம்பு போட்டு உடைத்துக் கொடுத்தார். அவர்களும் கம்பில் கஞ்சி காய்ச்சுகிறவர்கள்தானாம். வேப்பிலை கட்டிய பானையை மாடிப்படிக்குக் கீழே வைத்து அக்கா கூழ் ஊற்றியபோது, முதல் ஆளாகச் சொம்போடு வந்தவர் அவர்தான்.

ஆவணி பௌர்ணமிக்குப் பெண்கள் உடன்பிறந்தவன் கையில் கயிறு கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். மகேஷ் பாயின் சொந்த அக்கா காலமாகிவிட்டார். கட்ட ஆளில்லை என்று கேள்விப்பட்டு அக்கா கட்டிவிட்டார். அன்றைக்கே எனக்குப் போன்.

“டேய், உனுக்குப் போட்டியா ஒருத்தன் வந்துட்டான்.”

“யாரு?”

“மாவு மில்லுக்காரன். மீச உன்னவுட பெருசு.”

சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா வருஷந்தோறும் வருவார். தேர் நிலைக்கு வந்ததும் திரும்பிப் போக அவசரப்படுவார். இன்னும் கொஞ்ச நாள் இரு என்றால், “பேத்திங்களுக்கு ஸ்கூல் வேன் வர நேரம் எனுக்குத்தான் தெரியும்,” என்பார். அங்கே அவர் கஷ்டப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். மகேஷ் பாயின் வேனில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அன்றைக்கு இங்கே புயல் மழை. ஊரப்பாக்கத்தில் வசந்தா வீட்டுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், அவள் மாடியை விட்டு இறங்க முடியவில்லை. விமானமும் இல்லை, ரயிலும் இல்லை. எப்போது கிளம்பும் என்று சொல்வாரும் இல்லை. சரவணன் போனில் அழுதுகொண்டே, “எத்தினி நாள் ஆனாலும் ஐஸ் பொட்டியில வச்சிருக்கேன் மாமா. நீ வராம எடுக்க மாட்டேன்,” என்றான். நான் மழையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அப்போது அவனிடமிருந்து போனை மகேஷ் பாய் வாங்கிப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சரவணன் தமிழில் சொன்னான்:

“மாமா, அவங்கள்லயும் பொறந்த வூட்டுப் பொடவதான் போடணுமாம். ‘என் கையிலயும் அவங்க கயிறு கட்டிக்கீறாங்க. காத்திருக்கச் சொன்னா காத்திருக்கோம். போடச் சொன்னா நான் போடறேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்’னு கேக்கறாரு.”

பக்கத்திலேயே இருந்தவர், நினைத்திருந்தால் அவரே போட்டிருக்கலாம். இவ்வளவு தூரத்தில் இருக்கிற என்னிடம் கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள்.

“போடச் சொல்லு சரவணா. தலமாட்டுல நின்னு போடச் சொல்லு. நம்மள்ல அப்பிடித்தான்.”

அவருடைய மனைவி அரக்கு நிறத்தில் புதுப் புடவை கொண்டுவந்தார். வீடியோ போனில் நான் பார்த்தேன். மகேஷ் பாய் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் பிரித்து, முகத்தில் படாமல் கழுத்து வரைக்கும் போர்த்தினார். நான் போட்டிருந்தாலும் இவ்வளவு பதமாகப் போட்டிருப்பேனா தெரியாது. மழை விட்டபின் சரவணன் அஸ்தியைக் கொண்டுவந்தான். மாமல்லபுரம் கடலில் கரைத்தோம்.

அக்காவின் காரியங்களுக்கு உறவினர்களை ஏற்றி இறக்கி ஒரு ரூபாயும் வாங்காத ஸ்டாண்டு நண்பர்களுக்கு நன்றி. இத்தனை வருஷம் கழித்தும் மாலையோடு வந்து நின்ற லாட்ஜ் தோழிகளுக்கு நன்றி. பூசாரி அண்ணனுக்கு நன்றி. அடுப்பு எரியாத நாட்களில் சரவணன் வீட்டுக்கு முறைவைத்துச் சாப்பாடு அனுப்பிய குஜராத் குடியிருப்புப் பெண்களின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் குடும்பங்களை அந்த ஆத்தா காப்பாற்ற வேண்டும்.

முதலாம் ஆண்டு நினைவு நாளாகிய இன்று மகேஷ் பாயும் அவர் மனைவியும் ரயிலேறி நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அவருக்குத் தமிழில் ‘போதும்’ என்கிற ஒரு வார்த்தைதான் தெரியும். அவர் அதைச் சொன்னால் நம்பாமல் இன்னும் கொஞ்சம் பரிமாறுங்கள். விருந்தாளி என்று அவரைத் தனியாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடாதீர்கள். பந்தியில் என் இலைக்குப் பக்கத்து இலை அவருடையது. உங்களுக்கு நான் சித்தப்பாவோ மாமாவோ மச்சானோ, என்ன முறையோ, அதே முறையில் அவரையும் வாய் நிறையக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பிகளில் ஒருவன்