பச்சை பெயின்ட் அடித்த ஜன்னல்கள்

என் மேஜையில் இரண்டு தோல் துண்டுகள் கிடக்கின்றன. ஒன்று கறுப்பு, இன்னொன்று கரும்பழுப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். ஜன்னலருகே கொண்டுபோனால் நிறம் சட்டென்று பிரிந்துவிடும். ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த நிறங்கள் அப்படிப் பிரிந்த ஒரு மதியத்தில்தான். அதற்காக அம்மாவின் கம்பெனி மேனேஜருக்கு நான் நன்றி சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் ஹாலில் அம்மாவுக்கு வேலை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் நானும் அங்கே நூல் வெட்டப் போனேன். ஹாலின் மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். ஆனால் கண்ணாடி தெரியாதபடி அத்தனையிலும் பச்சை பெயின்ட். மேனேஜரின் ஏற்பாடு. "ரோட்ட வேடிக்க பாத்தா ஊசி விரல்ல ஏறிடும்மா. உங்க நல்லதுக்குத்தான்" என்பார். அவருடைய அறையில் மட்டும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வருகிறார் என்றால் முந்தின நாளே அந்த பெயின்டைச் சுரண்டச் சொல்வார். தைக்கிற பெண்களே பிளேடு எடுத்துச் சுரண்ட வேண்டும். "அவன் ஏரோப்ளேன்ல வந்தாதான் நமக்குப் பொழுது விடியுது" என்றார் பக்கத்து மிஷின் அக்கா. பையர் போனதும் மறுபடி பச்சை.

நான் இருந்தபோதும் ஒரு பையர் வந்தார். அந்த வாரம் கறுப்பும் கரும்பழுப்பும் ஒரே தையல் லைனில் ஓடின. பெயின்ட் இருந்தபோது அம்மா தைத்து அடுக்கிய ஒரு ஜோடியை எடுத்து, அவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். இடது கறுப்பு, வலது கரும்பழுப்பு. அடுத்த ஜோடியை எடுத்தார். அதுவும் அப்படியே.

அவர் கார் கிளம்பியதும் மேனேஜர் எல்லார் எதிரிலும் கத்தினார். "கண்ணு இருக்கா உனக்கு? வயசாய்ட்டா வீட்ல குந்தும்மா!"

அம்மா தலை நிமிரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், பெயின்ட சொரண்டுனா கலர் தெரியுது. அடிச்சா தெரியல. எங்கம்மா கண்ணு இன்னா பண்ணும்?"

"பில்டிங்கப் பத்தி எனக்கே கிளாஸா? நீ இன்னா பெரிய இன்ஜினியரா?"

"இல்ல சார்." கத்திரியை எடுத்து மறுபடி நூல் வெட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை பெயின்ட் டப்பா வந்துவிட்டது. என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். குப்பையிலிருந்து பொறுக்கிய இந்த இரண்டு துண்டுகளோடு வீட்டுக்கு வந்தேன். அந்த "இல்ல"வுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது யோசித்துவைத்திருக்கிறேன்.

வெயில்தான் தொல்லை என்றால் ஒரு சன்ஷேடு போதும். வடக்குப் பக்கமாகக் கூரையைத் திறந்தால் கண் கூசாத வெளிச்சம் நாள் முழுக்க இறங்கும். வேடிக்கைதான் தொல்லை என்றால், நாளெல்லாம் குனிந்திருக்கும் ஒருத்தி ஒரு பஸ் போவதைப் பார்த்தால் எந்தக் குடி முழுகிவிடும்? யாரோ ஒருவர் யோசித்துத்தான் அந்த ஜன்னல்களை வைத்திருப்பார். இன்னொருவர் ஒரு டப்பா பெயின்டில் அவற்றைக் குருடாக்கினார். இதையெல்லாம் அந்த மேனேஜர் முகத்துக்கு நேரே, படித்துவிட்டுச் சொல்ல வேண்டும் எனக்கு.

போன வருட ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வில் படம் வரைவதில் கவிழ்ந்தேன். அது மேனேஜர் காதுக்கும் போய்விட்டது. "படம் போட்டதெல்லாம் போதும், பொண்ண லைன்ல சேத்துடும்மா" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். எவ்வளவு பெரிய மனசு! அம்மாவும் சொல்லிவிட்டாள்: "இந்த ஒரு வாட்டி எழுது. கெடைக்கலன்னா லைனுக்கு வந்துடணும். அப்பறம் என்னப் பேஜார் பண்ணக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் தேர்வு. தினமும் அந்த ஹாலைத்தான் வரைந்து பழகுகிறேன். மிஷின்கள் வந்துவிடுகின்றன, அம்மாவின் குனிந்த கழுத்துதான் வரமாட்டேன் என்கிறது. தோல் துண்டுகளை ஜன்னல் திட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று வெளிச்சம் விழும் பக்கத்தை முதலில் கோடு போட்டுவிட்டு, அதன் கீழே அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துப் பார்க்கப் போகிறேன்.