அம்மாவின் வலது கால்

அண்ணன் திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றான். சமையலறையிலிருந்து ரசச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். “என்னய்யா, பல்லி கில்லி விழுந்திருச்சா?” என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். “இல்லம்மா. பொம்பளைங்க உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கணும்னு ஸ்கூல்ல பிரதர் சொல்லியிருக்காரு” என்றான் அண்ணன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடுப்படியிலேருந்து வாரேன், இதுக்குப் போயி எந்திரிப்பாங்களா? இப்படி நின்னுக்கிட்டே இருந்தா எப்பய்யா சாப்புட்டு முடிக்கிறது?” என்றார். ஆனாலும் அன்று அவர் அப்பளத்துக்கு ஒருமுறை, ஊறுகாய்க்கு ஒருமுறை, வேண்டாத தண்ணீருக்கு ஒருமுறை என்று சும்மா சும்மா உள்ளே போய் வந்தார். அண்ணனும் சளைக்காமல் எழுந்து எழுந்து நின்றான். பின்னாலேயே சோற்றுச் சட்டியோடு வந்த எனக்கு மட்டும் அவன் அசையவே இல்லை. கேட்டதற்கு, “நீ பொம்பளையா? நீ தங்கச்சி” என்றான்.

அப்போது நாங்கள் ஈப்போவின் ஓரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருந்தோம். அம்மா பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டத் தொடங்கியதும் நகரத்துக்கு வந்து, குவே தியாவ் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அரிசி மாவை அவித்துப் பட்டை பட்டையாக வெட்டும் இடம் அது. தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றபடியே வேலை. அப்பா லாரி ஓட்டினார். ஜோகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டால் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். அண்ணன் நன்றாகப் படிப்பான். அதனால் நகரத்தின் நடுவிலிருந்த கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தப் பள்ளியை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு அம்மா இஸ்திரி போடும்போது யாரும் பக்கத்தில் போய்ப் பேச முடியாது. அவ்வளவு பயபக்தி.

பிரதர் என்று எல்லாரும் அழைத்தது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரை. துறவு சபையைச் சேர்ந்தவர், பீடோரில் பிறந்த சீனர். பெண்களை மதிக்கத் தெரியாதவனுக்கு என் பள்ளிச் சான்றிதழ் எதற்கு என்று காலைக் கூட்டத்தில் கேட்பாராம். ஆசிரியை வந்தாலும், சிற்றுண்டிச்சாலை அக்கா வந்தாலும், கழிவறை கழுவும் அம்மா வந்தாலும் பையன்கள் எழுந்து நிற்க வேண்டும். கையில் பாரத்தோடு வரும் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூடாது. கெட்ட வார்த்தையில் ஒருவன் தாயை இழுத்தால், அந்தத் தாயைப் பள்ளிக்கு வரவழைத்து அவர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைப்பார். இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. பேருந்து நிறுத்தத்தில் எங்களைப் பார்த்து விசிலடித்த பையன்களில் அந்தப் பள்ளிச் சட்டை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அண்ணனும், சந்தைக்குப் போய் வரும் அம்மாவின் பாசார் பையை மாடிவரை தூக்கி வருவான். அம்மா உட்காராமல் சாப்பிட மாட்டான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவான். அதை நான் கழுவுவேன். பிரதர் தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போலும்.

அண்ணனுக்குப் பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு நெருங்கிய சமயத்தில் அம்மாவின் வலது காலில் புண் வந்தது. அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பூட்ஸின் அடியிலிருந்து ஓர் ஆணி உள்ளே ஏறியிருந்திருக்கிறது. அது குத்திக் குத்திப் புண்ணாக்கியது அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் மாலை அவர் நடந்த வழியெல்லாம் தரையில் ஈரத் தடம் இருந்தது. தண்ணீர் என்று நினைத்துத் துடைக்கப் போன நான்தான் அது தண்ணீர் இல்லை என்று பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே, உள்ளங்கால் தொடங்கும் இடத்தில் ஒரு குழி. அன்றிலிருந்து தினமும் அவர் வேலை முடிந்து வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் மருந்து வைத்துக் கட்டி, கட்டு தெரியாமல் காலுறை மாட்டிவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. “போனா படுக்க வச்சிருவாங்கம்மா. அண்ணனுக்குச் சோறு யாரு ஆக்குவா, அவன் மனசு பாட்டுக்கு இங்கதான் கிடக்கும். பரீட்சை முடியட்டும், நானே போறேன். அவன்கிட்ட வாய தொறந்துறாத” என்பார். நான் சோறாக்க மாட்டேனா என்று கேட்டால், நீயும் படிக்கிற பிள்ளைதானே என்பார். அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிப்போவேன்.

தேர்வுக்கு முன்னால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வருடப் பையன்கள் தங்கள் அம்மாவின் காலைக் கழுவி ஆசி வாங்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய வியாழனன்று தேவாலயத்தில் கால் கழுவுவதைப் பார்த்துப் பிரதர் ஏற்படுத்தியது அது. நம்மவர்களுக்கு அது புதிதே இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் பாத பூஜை என்று செய்வதுதானே. சீனத் தாய்மார் தேநீர் வாங்கிக்கொண்டார்கள், மலாய்ப் பையன்கள் தாயின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்கள், யாருக்கு எது வழக்கமோ அப்படிச் செய்துகொள்ளலாம் என்று பிரதர் விட்டிருந்தார். அண்ணன் அழைப்பைச் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியதை நான் பார்த்தேன். அன்று மாலை குளியலறையில், “சப்பாத்து கழட்டாம கழுவ முடியாதா?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவரும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

விழாவன்று காலையில் அம்மா கட்டைப் பிரித்துவிட்டு, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துப் புண்ணுக்குள் வைத்து அழுத்தினார். பிறகு இரண்டு பாதங்களிலும் முழுக்கப் பூசி, விரல்களின்மேல் குங்குமப் பொட்டு வைத்தார். பாத பூஜைக்குப் போகும் தாய்மார் மஞ்சள் பூசித்தான் போவார்கள். யாரும் வித்தியாசமாக நினைக்க முடியாது. “பாத்தியா, ஒண்ணும் தெரியல” என்று காலை நீட்டிக் காட்டினார். கல்யாண வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் கால் போலத்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக என்ன மூஞ்சி என்று அவர் என்னைத் திட்டினார்.

மண்டபத்தில் தாய்மார் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு வெள்ளைத் துண்டு. பையன்கள் மண்டியிட்டதும் மெல்லிய இசை ஒலித்தது. பிரதர் ஒலிபெருக்கியில் பேசினார். கண்களை மூடிக்கொள்ளுங்கள், இந்தக் கால்கள் உங்களுக்காக எங்கெல்லாம் நடந்தன என்று நினைத்துப் பாருங்கள் என்றார். எல்லாப் பையன்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணன் இறுக்கி மூடியிருந்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாயில் சொட்டியது. அவன் நடிக்கவில்லை. அம்மாமேல் அவனுக்கு உயிர். அம்மா உட்கார்ந்திருந்த கடைசி வரிசையின் ஓரமாக நின்றிருந்த எனக்குப் பேசின் நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் மஞ்சளானது. அவன் இன்னும் அன்பாக, இன்னும் அழுத்தித் தேய்த்தான். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையை லேசாக, இல்லை என்பதுபோல் அசைத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்தபின் துண்டில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்து அண்ணன் குங்குமம் என்றே நினைத்திருக்க வேண்டும். பேசினிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அம்மா அதிக நாள் தாங்கவில்லை. தேர்வு தொடங்கியபோதே காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பாதம் வீங்கி, விரல்கள் கறுத்தன. வீட்டில் வாடை தெரியாமலிருக்க அம்மா ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். தேர்வு நேரத்தில் சாமி படத்துக்குக் கொளுத்துகிறார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். அவன் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தொழிற்சாலையில் மயங்கி விழுந்தார். பூட்ஸைக் கழற்ற முடியாமல் கத்தரித்து எடுத்தார்களாம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் பேனாவோடும் பரீட்சை அட்டையோடும் ஓடி வந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

வராந்தாவில் எல்லாரும் என்னைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா, மாமா, அம்மாவோடு வேலை செய்த அக்காமார், எல்லாருக்கும் ஒரே கேள்வி: “தெரிஞ்சுக்கிட்டே நீ ஏன் சொல்லல?” இன்றுகூட அதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தினமும் அந்தக் காலைக் கையில் எடுத்தவள் நான் ஒருத்தி. பார்த்தவளிடம்தான் பதில் கேட்டார்கள். பார்க்காதவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்டான். நான் திருப்பிக் கேட்டேன்: “நீதானண்ணே கழுவுன? நீ பாக்கலையா?” அவன் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். “கண்ண மூடச் சொன்னாங்கம்மா” என்றான். குழந்தை சொல்வதுபோலச் சொன்னான். 

பிரதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மாவின் கட்டிலருகே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். போர்வையில் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை அவர் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. “டூடோக் லா, பிரதர். எவ்வளவு நேரம் நிப்பீங்க, கால் வலிக்கும்” என்று மலாயும் தமிழுமாக அவரை உட்காரச் சொன்னார். பிரதர் அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் தொடங்கினேன். பொய் எதற்கு, கொஞ்சம் இருக்கிறது. நல்லவர்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் நன்றாகத் தேர்ச்சி பெற்றான், பொறியாளன் ஆனான், செமோரில் தரையோடு இருக்கும் வீடு வாங்கி அம்மாவை வைத்துக்கொண்டான். அவரைத் தூக்கித் தூக்கிக் காரில் வைத்துக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போனான். இப்போது சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான். அண்ணியின் தட்டையும் சேர்த்து. ஆனால் அந்தப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், பிறகு கால் இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்த வருடம் அம்மா போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தோம். சடங்கு செய்ய வந்தவர் வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து முறுக்கிக்கொண்டு காலடிக்கு வந்தார். இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்துக் கட்டுவதற்காகப் போர்வையை விலக்கியவர், துணியோடு அப்படியே நின்றார். “எப்படிண்ணே கட்டறது?” என்று மெதுவாக அண்ணனைக் கேட்டார். அண்ணன் காலடிக்கு வந்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மாவின் இடது காலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டான். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அந்தப் புண்ணு எந்த எடத்துலம்மா இருந்திச்சு?” என்று கேட்டான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காட்டுவதற்கு அந்தக் கால் இல்லை. இடது காலின் கட்டை விரலுக்குக் கீழே, உள்ளங்கால் தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, “இந்த எடம்ண்ணே. அந்தக் கால்ல” என்றேன். அவன் அங்கே தன் கட்டை விரலை வைத்தான். எடுக்கவில்லை. சடங்குக்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.